வெற்றிலைக்கு வேண்டிய வெயில்

வெளிச்ச விஷயத்தில் மனிதனுடைய கண்ணை நம்பக் கூடாது. திறந்தவெளியின் உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். கூடத்தில், ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்ட நாற்காலிக்கு வந்து சேர்வது சில நூறு லக்ஸ். இரண்டும் நமக்குப் பகல்தான். செடிக்கோ ஒன்று விருந்து, மற்றது பட்டினி.

வெற்றிலைக் கொடிக்கு இரண்டுமே ஆகாது. நேர் வெயிலில் இலை கருகும்; இருட்டில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்துப் போகும். கொடிக்கால்காரர்கள் இதற்குக் கண்ட வழி அகத்தி. முதலில் அகத்தி விதைப்பார்கள். அது எழும்பியபின் அதன் காலடியில் கொடியை நடுவார்கள். பொடி இலைகளினூடே வெயில் சலித்து இறங்கும். மழைக்காலத்தில் வானம் மூடினால் கிளையைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். கோடையில் தழைய விடுவார்கள்.

அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவன் அகத்திக்கு எங்கே போவது? சோழவந்தானிலிருந்து என் மாமியார் எங்களோடு இருக்க வந்தபோது ஒரு தொட்டியில் கொடியும் வந்தது. எண்பது வயதில் மகள் வீட்டில் இருக்க நேர்ந்ததே என்ற கூச்சம் அவருக்கு. தண்ணீர் குடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் குடிப்பார். கீழண்டை மனையில் கட்டடம் எழும்பி ஜன்னலை மறைத்ததும் கொடி இளைத்தது. அதைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. நமக்கு ஏது உரிமை என்று நினைத்தாரோ என்னவோ.

தொட்டியைத் தெற்குப் பால்கனிக்கு மாற்றி, என் பழைய மல் வேட்டி ஒன்றைக் கம்பியில் திரையாகத் தொங்கவிட்டேன். கூடவே என் படிப்பையும் காட்டினேன்: "சீமைப் புத்தகத்தில் தெற்கு ஜன்னலுக்கு வருஷமெல்லாம் உச்சி வெயில் என்று இருக்கும். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, வடக்கே தாண்டி, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டித்தான் திரும்புகிறது. நடுவில் இங்கே உச்சி வெயில் விழாது."

மாமியார் பொறுமையாகக் கேட்டார். "தை மாசம் எந்தத் திண்ணையிலே வத்தல் காயும், ஆனியிலே எதிலே காயும்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் எழுதிக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை, வானம் மூடிடுச்சு. அகத்தியைக் கழிச்சு விடுங்க" என்று பால்கனியிலிருந்து உத்தரவு வந்தது. எழுந்து போய் வேட்டியைச் சுருட்டினேன். வந்த நாளிலிருந்து அவர் எனக்கு இட்ட முதல் வேலை அது.