மூடிக்குள் ஒரு பகல்

மாட்டின் உடலில் எந்தப் பகுதி அதிகம் உழைத்ததோ அந்தப் பகுதியே அடுப்பிலும் அதிக நேரத்தை வேண்டி நிற்கும். முதுகெலும்பின் ஓரமாகக் கிடக்கும் தசை, விலங்கு உயிரோடிருந்த காலத்தில் பெரிதாக வேலை செய்ததில்லை. ஆதலால் சில நிமிடச் சூடே அதற்குப் போதும். விலையும் உயர்ந்து நிற்கும். தோட்பகுதி அவ்வாறானதன்று. நடந்தும் நின்றும் குனிந்து மேய்ந்தும் உடலின் பாரத்தைத் தாங்கிய தசை அது. அதன் நார்களைப் பிணைத்து நிற்கும் தொடுப்பிழையத்தில் கொலாஜென் என்னும் புரதம் செறிந்திருக்கும். விரைந்த தீயில் இட்டால் அது சுருங்கி, இறைச்சியைத் தோல்போல ஆக்கிவிடும். ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட ஈரமான வெப்பத்தில் பல மணி நேரம் கிடந்தாலே அது கரைந்து ஜெலற்றினாக மாறும். நார்களும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். எனவே தோளிறைச்சியை வாங்குபவர் காசில் மீதப்படுத்துவதை நேரத்தில் செலுத்தியாக வேண்டும். அந்த நேரத்தைச் செலுத்தியவர் யார் என்று வினவப் புகுந்தால், அமெரிக்க வீடுகளில் மிகச் சாதாரணமாகச் செய்யப்படும் ஓர் உணவுக்குப் பின்னால் நீண்டதொரு கதை இருப்பது தெரியவரும்.

அந்த உணவு, பார்பிகியூ சோஸில் வெந்து உதிர்ந்த மாட்டிறைச்சியை வட்டப் பணிசில் வைத்து உண்ணும் சான்ட்விச் ஆகும். மாட்டிறைச்சியை விலக்கியோர் பலர் இதனைப் படிக்கக்கூடும். அவர்கள் இறைச்சியை மறந்து நேரத்தை மட்டும் கவனித்து வந்தாலும் இழப்பு எதுவுமில்லை.

செய்முறை எளிது. மூன்று இறாத்தல் அளவான தோளிறைச்சித் துண்டுக்கு உப்பும் மிளகும் தடவி, சூடேறிய இரும்புச் சட்டியில் எல்லாப் பக்கமும் செம்மண்ணிறமாகும்வரை வாட்டி எடுப்பர். இந்த ஒரு படியைச் சோம்பலால் விட்டுவிடுவோர் உளர், விடுதல் நன்றன்று. இறைச்சியின் மேற்புறம் சிவந்து மணம் பெறுவதற்கு 140 பாகையளவு வெப்பம் வேண்டும். ஈரம் நிறைந்த பானையோ நீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை. பின்னர் ஸ்லோ குக்கர் எனப்படும் மின்பானையின் அடியில் வெங்காயத்தை வட்டமாக அரிந்து பரப்பி, அதன்மேல் இறைச்சியை வைப்பர். தக்காளிக் கூழ், வினாகிரி, கரும்புப் பாகு அல்லது சிவப்புச் சீனி, கடுகு, மிளகாய்த்தூள், உள்ளி ஆகியன சேர்ந்த சோஸை ஊற்றி மூடுவர். தண்ணீர் வேண்டியதில்லை; இறைச்சியே நீர் விடும். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் அவ்வாறே கிடக்கும். இடையில் மூடியைத் திறந்து பார்ப்பது பெருந்தவறு. ஒரு முறை திறந்தால் இழந்த சூட்டை மீட்கக் கால்மணி முதல் அரைமணி நேரம் ஆகும். சமையலறையில் ஆவலை அடக்கக் கற்பிக்கும் கலம் இதைப்போல் வேறொன்று இல்லை எனலாம். உறைந்த இறைச்சியை நேரே இடுவதும் கூடாது. அது மெல்ல மெல்லச் சூடேறுகையில் கிருமிகள் பெருகுவதற்கு வேண்டிய வெப்பநிலையில் நெடுநேரம் தங்கிவிடும். வெந்தபின் இரண்டு முள்ளுக்கரண்டிகளால் இழுத்தால் இறைச்சி நார்நாராகப் பிரியும். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, சோஸில் கொஞ்சத்தைப் புதிதாகச் சேர்த்து, மீண்டும் அதிலேயே ஊறவிடுவர். வாட்டிய பணிசின்மேல் அதனைக் குவித்து, அரிந்த கோவாச் சலாதோ வினாகிரியில் ஊறிய வெள்ளரித் துண்டோ வைத்து மூடினால் சான்ட்விச் ஆயிற்று.

இதற்குப் பார்பிகியூ என்ற பெயர் பொருந்துமா என்பது அந்நாட்டில் ஓயாத வழக்கு. சொல்லின் பிறப்பிடம் கரீபியன் தீவுகள். அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் கோல்களால் பரண் அமைத்து, தீக்கு மேலே உயர்த்தி உணவை வாட்டினர். அச்சொல்லை ஸ்பானியரான ஒவியெடோ 1526 இல் எழுத்திற் பதித்தார். அது ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களை அடைந்தபோது, பரணுக்குப் பதிலாகப் பதுங்குகுழி போன்ற நீண்ட பள்ளம் வந்தது. பள்ளத்தில் வன்மரங்களை எரித்துத் தணலாக்கி, அதன்மேல் பச்சைக் கோல்களைக் குறுக்கே இட்டு, முழு விலங்கையே வாட்டுவர். தணல் தணிந்தால் இறைச்சி வேகாது, எழுந்தால் கருகும். ஆகவே இரவு முழுவதும் ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். தோட்ட முதலாளிகளின் விருந்துகளில் அவ்வாறு விழித்திருந்தோர் பெரும்பாலும் ஆபிரிக்க அடிமைகளே. வினாகிரியும் மிளகாயும் கலந்து தடவியவர்கள், புகையில் கண் கலங்கியவர்கள், பதம் அறிந்தவர்கள் அவர்கள். விருந்தில் அமர்ந்து உண்டவர் வேறு. தமது இரவு அவர்களுக்குச் சொந்தமாயிருக்கவில்லை. அதனாலேயே அந்த உணவு முதலாளிக்கு மலிவாக இருந்தது.

விடுதலைக்குப் பின்னர் இக்கைத்திறனே பலருக்குப் பிழைப்பாயிற்று. ரெனிசி மாநிலத்திற் பிறந்த ஹென்றி பெரி என்னும் கறுப்பினத்தவர் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் சிற்றிக்குச் சென்று, 1908 இல் புகையில் வெந்த இறைச்சியைச் செய்தித்தாளிற் சுற்றி விற்கத் தொடங்கினார். அந்நகரின் பார்பிகியூ மரபுக்கு அவரையே தந்தை என்பர். நகரில் 1871 இல் தொடங்கிய பெரிய கால்நடைச் சந்தை இருந்தமையால் மாட்டிறைச்சிக்குக் குறைவில்லை. கரோலைனாக்களைப் போலப் பன்றியையே நம்பியிருக்க வேண்டிய தேவை அங்கு எழவில்லை. பெரியின் சோஸ் உறைப்பு மிக்கதாய் இருந்தது என்பர். இன்று கன்சாஸ் சிற்றியின் பெயரால் கடைகளில் விற்கப்படும் சோஸ், தக்காளியும் பாகும் மிகுந்த இனிப்புக் குழம்பு. மின்பானைச் சான்ட்விச்சில் இடப்படுவது பெரும்பாலும் இந்த இனிப்பு வகையே.

அதே நகரில் அதற்கு முன்னரே, 1895 இல், ரைட் என்பவர் மரப்புகையைக் குளிரச்செய்து நீர்மமாக்கிப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கியிருந்தார். இன்று மின்பானையில் சமைப்போர் பலர் அத்திரவத்தில் ஒரு தேக்கரண்டியைச் சேர்த்துக்கொள்கின்றனர். ஆக, ஓரிரவின் புகை ஒரு கரண்டிக்குள் வந்துவிட்டது. புகை வந்தது; விழித்திருந்த மனிதன் வரவில்லை. இதனைப் போலி என்று பார்பிகியூ வல்லுநர்கள் முகஞ்சுளிப்பதில் நியாயம் உண்டு. நாவறிந்தவர் எவரும் இரண்டையும் ஒன்றென மயங்கமாட்டார். ஆயினும் புகையின் சுவையைப் போற்றுவோர், அதற்காகச் சிவந்த கண்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளல் வேண்டும்.

மின்பானையின் வரலாறோ பார்பிகியூவோடு தொடர்பற்ற வேறொரு திசையிலிருந்து வருகின்றது. யூத சமயத்தவருக்கு வெள்ளிக்கிழமைப் பொழுது சாய்ந்தது முதல் சனிக்கிழமை இரவு வரை சபத் எனப்படும் ஓய்வுநாள். அந்நாளில் தீ மூட்டலாகாது, சமைத்தலுமாகாது. எனினும் சூடான உணவு உண்பதற்குத் தடையில்லை. இவ்விரண்டுக்கும் இடையே கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்கள் கண்ட வழியே சொலண்ட் என்னும் உணவு. அவரை விதை, வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, கொஞ்சம் இறைச்சி ஆகியவற்றைப் பானையில் இட்டு, வெள்ளிக்கிழமை மாலையில் ஊர் வெதுப்பகத்துக்கு அனுப்பிவிடுவர். வெதுப்பகத்தின் போறணை அணைந்த பின்னும் அதன் சுவர்களில் தங்கிய சூட்டில் ஊரார் பானைகளெல்லாம் இரவு முழுவதும் வேகும். மறுநாள் அவற்றை எடுத்துச் சென்று குடும்பத்தோடு உண்பர்.

லித்துவேனியாவின் வில்னா நகரில் சிறுமியாக இருந்தபோது அவ்வாறு பானை சுமந்து சென்ற ஒரு தாய், பின்னாளில் அமெரிக்காவில் தன் மகனுக்கு அதைக் கதையாகச் சொன்னாள். மகன் ஏர்விங் நாக்கும்சோன், மின்பொறியியலாளர். போறணையின் சுவரில் தங்கிய சூட்டுக்குப் பதிலாகப் பானையைச் சுற்றி மின்கம்பியை வைத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். 1936 இல் விண்ணப்பித்த அவருக்கு 1940 ஜனவரியில் புத்தாக்க உரிமை கிடைத்தது. கன்சாஸ் சிற்றியில் ஹென்றி பெரி காலமானதும் அதே 1940 ஆம் ஆண்டிலேயே. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். நாக்கும்சோன் தம் பெயரை நக்சன் என மாற்றிக்கொண்டு, அவரை வேகவைக்கும் கலமாகவே அதை விற்றுவந்தார். பெருங்கவனம் எதுவும் அதற்குக் கிட்டவில்லை.

1970 இல் அவரது நிறுவனத்தை வாங்கியது ரைவல் என்னும் நிறுவனம். அதன் இருப்பிடமும் கன்சாஸ் சிற்றியே என்பது வரலாற்றின் விளையாட்டுப் போலும். அவரைக்கலத்தில் இறைச்சியும் நன்றாக வேகும் என்று கண்ட அந்நிறுவனத்தார், அதற்குக் குரொக்பொற் என்று புதுப்பெயர் சூட்டி 1971 இல் சிக்காகோவில் நடந்த வீட்டுப்பாவனைப் பொருட்காட்சியில் வைத்தனர். அவ்வாண்டில் 20 இலட்சம் டொலராக இருந்த விற்பனை 1975 இல் 9 கோடியே 30 இலட்சம் டொலரை எட்டிற்று. அதே 1975 இல் வெளிவந்த மேபிள் ஹொஃப்மனின் மின்பானைச் சமையல் நூலும் பெருந்தொகையாக விலைபோயிற்று.

இத்துணை விரைவுக்குக் காரணம் சமையலறையில் இல்லை. 1970 இல் அமெரிக்கப் பெண்களுள் நூற்றுக்கு 43 பேர் அளவில் தொழிற்படையில் இருந்தனர். 1980 இல் அது 51 ஐத் தாண்டிற்று. வீட்டில் இல்லாதபோதே சமையல் நடக்கும் என்பதைத்தான் விளம்பரங்கள் திரும்பத் திரும்பக் கூறின. வில்னாவில் பானை வெந்துகொண்டிருந்த நேரத்தில் ஊரில் எவரும் வேலை செய்யவில்லை. கன்சாஸ் சிற்றியில் பானை வெந்துகொண்டிருந்த நேரத்தில் வீட்டார் அனைவருமே வேலையில் இருந்தனர். ஓய்வைக் காப்பதற்காகக் கண்ட உபாயம் வேலைக்குப் போவதற்கான உபாயமாக மாறிற்று. கருவியைக் கண்டவரையோ விற்றவரையோ இதற்காகக் குறைகூறுவதற்கில்லை. மாறியது அதைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை.

அத்தகைய வாழ்க்கையிற் பட்ட ஒரு பெண்ணை, மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ ஏழரை மணிக்கு நிற்க வேண்டிய ஒருத்தியை, எண்ணிப் பார்த்தால் விடயம் தெளிவாகும். மாலையில் அவளுக்குச் சமையல் இல்லை என்பது உண்மை. ஆனால் காலை ஐந்தரைக்கு எழுந்து வெங்காயம் அரிந்தவள் அவளே. இறைச்சியை வாட்டிய எண்ணெய்ப் புகை தலைமுடியில் ஏறாதபடி துணி கட்டிக்கொண்டவள் அவளே. முந்தின இரவே இறைச்சியை உறைபெட்டியிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்க மறவாமல் இருந்தவளும் அவளே. பகலெல்லாம், வீட்டில் ஆளில்லாமல் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கின்றதே என்ற சிறு கவலையும் அவளுடையது. மின்பானை மாலையின் ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தது. அதில் பாதியை விடியற்காலைக்கு மாற்றியது. மீதியைப் பிள்ளைகளின் பாடமும் துணி துவைப்பும் எடுத்துக்கொண்டன. சமூகவியலாளரான ஆர்லி ஹொக்ஷீல்ட் 1989 இல் வெளியிட்ட ஆய்வு நூலில், வேலைக்குச் செல்லும் பெண் வீடு திரும்பியதும் இரண்டாவது வேலைமுறை ஒன்றைத் தொடங்குகின்றாள் என்பதைப் பல குடும்பங்களைக் கண்டு எடுத்துக் காட்டினார். பானையின் மூடியைத் திறந்து நிற்கும் கணவனைப் பல விளம்பரங்களிற் காணலாம். வெங்காயம் அரியும் கணவனைக் காண்பது அரிதாயிருந்தது. இன்று நிலைமை ஓரளவு மாறியிருப்பினும் முற்றாக மாறிவிட்டதாகக் கொள்ள இயலாது.

ஆயினும் அந்த மின்பானையை இகழ்தல் அநீதியாகும். களைத்து வருபவள் கதவைத் திறக்கும்போது வெந்த இறைச்சியின் மணம் எதிர்கொள்வது சிறிய ஆறுதலன்று. தன் வீட்டில் வேறொருவர் தனக்காகச் சமைத்து வைத்தது போன்ற உணர்வை அது அரைநிமிடமேனும் தருகின்றது. பலருக்கு அவ்வுணர்வு வேறு வழியில் கிடைப்பதில்லை. மலிவான இறைச்சியைக் கொண்டு ஆறேழு பேரை வயிறாரச் செய்வதும் எளிய காரியமன்று.

பிற்காலத்து மின்பானைகளில் சூட்டைக் காத்து வைப்பதற்கென்று மூன்றாவது நிலை ஒன்றும் சேர்ந்தது. வெந்து முடிந்த இறைச்சி அதில் மேலும் சில மணி நேரம் ஆறாமல் இருக்கும். மேசைமீது பணிசுப் பொதி திறந்து கிடக்கும். ஐந்து மணிக்கு வரும் மகன் ஒன்றை நிரப்பிக்கொண்டு விளையாட்டுத்திடலுக்குப் போவான். ஆறரைக்கு மகள் வருவாள். எட்டு மணிக்குக் கணவன். சான்ட்விச் என்பதால் தட்டும் வேண்டியதில்லை, அமர வேண்டியதுமில்லை. வில்னாவில் ஊர்ப் பானைகள் எல்லாம் ஒரே வேளையில் திறக்கப்பட்டன. இங்கே ஒரே பானை மூன்று முறை, நான்கு முறை திறந்து மூடப்படும். கடைசியில் திறப்பவள் காலையில் மூடியவளே. அடியில் ஒட்டிக் கருத்த சோஸைப் பணிசின் துண்டால் துடைத்து உண்டுவிட்டு, அவள் மின்னிணைப்பைக் கழற்றுவாள். சூடான மட்கலத்தில் உடனே குளிர்நீரை ஊற்றினால் வெடித்துவிடும். ஆறும்வரை பொறுத்திருந்து, நீர் நிரப்பி, கழுவுதொட்டியில் ஊறவிட்டு அவள் விளக்கை அணைக்கும்போது பத்து மணி கடந்திருக்கும்.