வெங்கட்டான் குளத்து உருண்டைகள்

பெரம்பலூர் மாவட்டத்தில் வட்டத் தலைநகர் குன்னம். ஊர் பெயரில் சட்டமன்றத் தொகுதியும் உண்டு. நிர்வாக வரலாறு இவ்வளவு போதும். கரிசல், பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் சுற்றுவட்டாரம் முழுக்க இருப்பவை. குன்னத்தின் சொத்து மண்ணுக்கு அடியில் கிடக்கிறது.

2020 அக்டோபரில் வெங்கட்டான் குளத்தில் மண் அள்ளியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் பரவி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு, முட்டையில்லை, அம்மோனைட் புதைபடிவங்களும் கல்லுருண்டைகளும் என்றார்கள். அதோடு பலருக்குச் சுவாரசியம் போய்விட்டது. முட்டையைவிட இதுதான் பெரிது என்பேன் நான்.

அம்மோனைட் கணவாய்க்குப் பங்காளி. கிடாக் கொம்புபோல் சுருண்ட ஓடு, அதற்குள் தடுப்புத் தடுப்பாய் அறைகள். அவற்றில் காற்றை வைத்துக்கொண்டு கடலில் மிதந்தது. ஆம், இங்கே கடல் இருந்தது. செத்தது அடிச்சேற்றில் புதையும். அதைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து இறுகி உருண்டையாகும். சில உருண்டைகள் உள்ளே வெடித்திருக்கும். வெடிப்பை வெளிறிய கால்சைட் நிரப்பியிருக்கும்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகடான் பக்கம் சுமார் 10 கிலோமீட்டர் அகல விண்கல் விழுந்த பேரழிவில் அம்மோனைட் இனமே அற்றுப்போனது. நம் குளத்துக்காரர்கள் அதற்கும் முந்தியவர்கள். விழுந்தது பனிக்கட்டி வால்நட்சத்திரமா, குறுங்கோளா என்று நெடுநாள் வழக்கு. சான்றுகள் இப்போது குறுங்கோள் பக்கம்.

வால்நட்சத்திரம் போன்ற பனி உருண்டைகள் நெப்டியூனுக்கு அப்பால் ஏராளம். அதில் ஒன்று அரோகோத்: இரண்டு உருண்டைகள் மெல்ல ஒட்டிய, சுமார் 36 கிலோமீட்டர் நீளப் பிண்டம். 2019 சனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் ஏறக்குறைய 660 கோடி கிலோமீட்டர் தொலைவில் அதைக் கடந்து படமெடுத்தது. சூரியக் குடும்பம் உருவான கதை அதில் கெடாமல் இருக்கிறதாம். சந்தோஷம்.

குன்னத்தில் கிடக்கும் கதையைப் படிக்க அவ்வளவு தூரம் போகவேண்டாம். பெரம்பலூரில் பஸ் ஏறினால் போதும். சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்துக்கு வேலி போட்டார்கள், வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் கட்டினார்கள், நல்லது. எங்கள் காட்டுக் கல் வரப்போரம் கிடக்கிறது, அஸ்திவாரத்துக்குப் போகிறது, அழகாயிருந்தால் யார் வீட்டு வாசலுக்கோ போகிறது. எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுதாமல் பெயர்த்த கல்லை ஆய்வுக்கு எப்படிப் பயன்படுத்துவது? தூர்வாரும் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கக்கூடாதா: கல்லுருண்டை தென்பட்டால் பொக்லைனை நிறுத்து, ஆளைக் கூப்பிடு என்று?