ரெஃபரலில் வந்த அரண்மனை

'தி ஃபேவரிட்' படம் பாத்தவங்களுக்கு சாராவைத் தெரிஞ்சிருக்கும். இங்கிலாந்து ராணியையே அதட்டுற அந்தம்மாதான். படத்துல வர்றது அந்தக் குடும்பம் சரியுற கதை. ஏறின கதையைத் தேடிப் படிச்சப்போ எனக்கு நம்ம பிளேஸ்மென்ட் சீசன்தான் ஞாபகம் வந்தது.

சாராவோட கணவர் ஜான் சர்ச்சில், 1650-ல பிறந்தவர். உள்நாட்டுப் போர்ல மன்னர் பக்கம் நின்னு நொடிஞ்சுபோன குடும்பம். அவரோட அக்கா அராபெல்லா, மன்னரின் தம்பி ஜேம்ஸுக்குக் காதலி. ஜானும் ஜேம்ஸ்கிட்ட ஏவலாளா சேர்ந்து, ராணுவ அதிகாரி ஆனார். சாராவோ ஜேம்ஸின் மகள் ஆன் இளவரசிக்கு உயிர்த்தோழி. அந்தஸ்து குறுக்க வரக்கூடாதுன்னு மிஸஸ் மார்லி, மிஸஸ் ஃப்ரீமேன்னு புனைபெயர் வச்சு ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்கிட்டாங்க.

ஜேம்ஸ் மன்னரானார். 1688-ல வில்லியம் படையோட வந்து இறங்கினதும், தன்னை வளத்துவிட்ட ஜேம்ஸையே கைவிட்டு ஜான் அந்தப் பக்கம் போயிட்டார். 1702-ல ஆன் ராணி ஆனார். அதே வருஷம் ஜான், மார்ல்பரோ டியூக். ராணியோட சொந்தச் செலவுப் பணமே சாரா பொறுப்புல.

இதுவரைக்கும் சுத்தமான ரெஃபரல் கேஸ். எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். எனக்கு ரெஃபரல் கொடுக்க சித்தப்பாவும் இல்ல, மாமாவும் இல்ல. அதனால படிக்கும்போதே கடுப்பாச்சு.

ஆனா 1704 வந்துச்சு. நெதர்லாந்துப் பக்கம் இருந்த படையை டான்யூப் நதிவரைக்கும் நடத்திட்டுப் போய், இளவரசர் யூஜீனோட சேர்ந்து, பிளென்ஹைம்ல பிரெஞ்சு, பவேரியப் படைகளை ஜான் தோற்கடிச்சார். அந்த வெற்றிக்கு எந்த அக்காவும் சிபாரிசு பண்ண முடியாது. பரிசா வுட்ஸ்டாக் நிலம் கிடைச்சது, பிளென்ஹைம் அரண்மனை எழும்பிச்சு.

கவுந்தது எப்படின்னு பாருங்க. ஏழைச் சொந்தக்காரப் பொண்ணு அபிகெயிலை அரண்மனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே சாராதான். ராணிக்கு அபிகெயிலைப் பிடிச்சுப்போச்சு. அரசியலும் டோரி கட்சி பக்கம் திரும்புச்சு. 1711-ல சாரா, ஜான் ரெண்டு பேருக்கும் பதவி போச்சு. அரண்மனைக்கு வந்த அரசாங்கப் பணமும் நின்னுச்சு.

ஆனா டியூக் பட்டம் மட்டும் போகல. மிஞ்சியிருந்த ஒரே மகனும் 1703-லயே அம்மையில செத்துட்டதால, பட்டம் மகள்கள் வழியாவும் போகலாம்னு 1706-ல சட்டமே போட்டிருந்தாங்க. 1874-ல வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்தது அதே அரண்மனையிலதான்.

"திறமை இருந்தா போதும்"னு மேடையில பேசுறவங்ககிட்ட எனக்கு ஒரே கேள்விதான். ஜானுக்குத் திறமை இருந்துச்சு, சரி. அதே திறமையோட, அரண்மனையில அக்கா இல்லாம எத்தனை ஜான் இருந்திருப்பாங்க? அவங்க பேர் எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

நாளைக்கு எனக்கு வேலை கிடைச்சா, ஜூனியர்ஸ் ரெஃபரல் கேட்டு வருவீங்க. கண்டிப்பா கொடுப்பேன். ஆனா முதல்ல, கேக்குறதுக்கு வேற ஆளே இல்லாதவங்களுக்கு.