தங்கப் பல்லிக்கு எந்த கேமரா?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு, உயிருள்ள தங்கப் பல்லி திருமலைக் காடுகளில் இருப்பது தெரியாது. தெலுங்கில் பங்காரு பல்லி. 1870இல் பெட்டோம் என்ற ஆங்கிலேயர் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ஆணின் உடல் பொன் மஞ்சள். ஆனால் குடியிருப்பு பாறை இடுக்கிலும் குகையிலும், நடமாட்டம் இரவில். கேமராவைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்கு வருபவர்களுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

ஃபிலிம் காலத்தில் பலர் அதில் தோற்றார்கள். இயற்கைப் புகைப்படக்காரர்களின் செல்லமாக 1990இல் வந்த ஃபியூஜியின் வெல்வியா ஸ்லைடு ஃபிலிமின் வேகம் வெறும் ஐ.எஸ்.ஓ. 50. குகையில் ஃபிளாஷ் இல்லாமல் அது உதவாது. ஈரப் பாறையில் பட்டு ஒளி திரும்பினால் பல்லி வெளுத்துப் போகும். அது தெரியவருவது பெருநகர லேபில் சுருளைக் கழுவிய பிறகுதான். பல்லி அதுவரை காத்திருக்குமா? டிஜிட்டலில் ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றி, சின்ன விளக்கொளியில் எடுத்து, திருப்தி இல்லையென்றால் அங்கேயே மறுபடி எடுக்கலாம்.

திருப்பதியிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள தலகோணாவில் கதை கொஞ்சம் மாறுகிறது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இடம். இப்போது திருப்பதி மாவட்டம். 270 அடி உயர அருவியைப் பட்டுத்துணி போலக் காட்ட ஷட்டர் மெதுவாக இயங்க வேண்டும். அதற்கு வேகம் குறைந்த ஃபிலிம் தோதானது. ஆனால் வெள்ளை நீரையும் கரும்பாறையையும் ஒரே படத்தில் தாங்கும் சக்தி ஸ்லைடுக்குக் குறைவு. எனவே 36 படங்களோடு வந்தவர் முக்காலியை நிறுத்திவிட்டு, மேகம் வெயிலை மறைக்கும்வரை உட்கார்ந்திருந்தார். மெமரி கார்டோடு வருபவர் 300 படம் எடுத்துவிட்டு வேனுக்குத் திரும்புகிறார். அருவியை அதிகம் பார்த்தவர் யார் என்பதில் சந்தேகமில்லை. கறுப்பு-வெள்ளையையே விரும்பிய சென்னை இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912-1996) அந்தக் காத்திருக்கும் ஜாதி.

அலிபிரி நடைபாதையிலோ விவகாரம் ரசனை சம்பந்தப்பட்டதல்ல. 2023 ஆகஸ்டில் பெற்றோருடன் மலையேறிய 6 வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. பக்தர்கள் கையில் தடி கொடுக்கப்பட்டது. மரங்களில் தானியங்கி கேமராக்கள் கட்டப்பட்டன; கூண்டுகளில் அடுத்தடுத்துச் சிறுத்தைகள் சிக்கின. விலங்கின் உடல் வெப்பமும் அசைவும் இந்தக் கேமராவை இயக்கும். கைரேகை போல, ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளிகளும் வேறு; படத்தை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். ஃபிலிம் வைத்த தானியங்கிகளும் முன்பு காடுகளில் உண்டு. ஒரு மான் கூட்டம் குறுக்கே போனால் சுருள் தீர்ந்துவிடும். பிறகு சிறுத்தை வந்து போஸ் கொடுத்தாலும் பதிவாகாது. 2018 தேசியப் புலிக் கணக்கெடுப்பில் கேமராக்கள் எடுத்த படங்கள் சுமார் 3.48 கோடி. ஃபிலிமாக இருந்தால் 9 லட்சத்துக்கும் அதிகமான சுருள்கள்!

கோடக்ரோம் ஃபிலிமின் தயாரிப்பு 2009இல் முடிவுக்கு வந்தது. அதைக் கழுவிய கடைசி லேபும், அமெரிக்காவின் கான்சாஸில், 2010 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. ஆனால் அன்று எடுத்த ஸ்லைடைப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் போதும், பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்.