முதலில் சுவர்... அப்புறம்தான் ஹீட்டர்!

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நகரம் ஃப்ரைபர்க். கேக்குக்குப் பெயர் கொடுத்த ப்ளாக் ஃபாரஸ்ட் காடு ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடுகிறது. பழைய நகரத் தெருக்களில் சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடுகின்றன. தெரியாமல் அதில் கால் வைத்தால் ஃப்ரைபர்க்காரரைத்தான் கல்யாணம் செய்துகொள்வீர்கள் என்பது உள்ளூர் நம்பிக்கை!

வருகிறவர்கள் தேவாலயத்தையும் வாய்க்காலையும் பார்ப்பார்கள். நாங்கள் பார்க்கப் போனது வீடுகளை. இங்கே வேலை பார்க்கும் என் சித்தி மகளும் மாப்பிள்ளையும் ஊருக்கு வெளியே மனை வாங்கியிருக்கிறார்கள். 140 சதுர மீட்டரில், நம் கணக்கில் சுமார் 1,500 சதுர அடியில் வீடு. நம் ஊரில் வாஸ்துவில் ஆரம்பிப்போம். இங்கே முதல் கேள்வியே குளிர்தான். வீடு எந்த அளவுக்குச் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும்? அந்தச் சூட்டை எதிலிருந்து எடுப்பது? முப்பது வருடம் கட்டப்போகும் கடன், மாதாமாதம் வரப்போகும் பில் எல்லாமே இதற்கான பதிலைப் பொறுத்தது.

யூனிட் கணக்கு

ட்ராமில் ஏறி வோபான் பகுதிக்குப் போனோம். பிரெஞ்சு ராணுவ முகாமாக இருந்த இடம். 1992ல் ராணுவம் காலி செய்ததும், நகராட்சி அதைக் குடியிருப்பாக்கியது. பக்கத்தில் உள்ள வீல் கிராமத்தில் வரவிருந்த அணுமின் நிலையத்தை 1975ல் திராட்சை விவசாயிகளும் மாணவர்களும் சேர்ந்து எதிர்த்து நிறுத்திய பகுதி இது. மின்சாரத்தை எண்ணிச் செலவழிக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

வோபானில் வீடு கட்ட ஒரு நிபந்தனை. சூடேற்ற ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 65 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது. நம் மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான். பராமரிக்காத பழைய ஜெர்மன் வீடுகளில் இது 200ஐத் தாண்டும். அதற்கும் மேலே ஒரு தரம் இருக்கிறது, 'பாஸிவ் ஹவுஸ்'. அதில் வெறும் 15தான் அனுமதி.

மாப்பிள்ளை வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். பழைய வீடென்றால் 28,000 யூனிட். வோபான் விதிப்படி 9,100. பாஸிவ் ஹவுஸ் என்றால் 2,100தான்!

சுவர் என்னும் ஸ்வெட்டர்

உலகின் முதல் பாஸிவ் ஹவுஸ் டார்ம்ஸ்டாட் நகரில் இருக்கிறது. நான்கு தொடர் வீடுகள். 1991ல் குடி வந்தவர்களில் ஒருவர் அதை உருவாக்கிய இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட். வோபானிலும் 1999ல் கட்டிய பாஸிவ் அடுக்குமாடி ஒன்று நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம்தான். ஜன்னல் ஆழத்தைக் கவனித்தால் ரகசியம் புரியும். இந்த மாதிரி வீடுகளில் சுவர் மேல் ஒரு அடி கனத்துக்குக்கூட வெப்பத் தடுப்புப் போர்வை இருக்கும். ஜன்னலில் மூன்று அடுக்குக் கண்ணாடி.

வாசலில் விசிறி பொருத்திய தற்காலிகக் கதவை மாட்டி, இடுக்கு வழியே எவ்வளவு காற்று கசிகிறது என்று அளந்த பிறகே சான்றிதழ். "அப்போ மூச்சு முட்டாதா?" என்று கேட்டேன். வெளியே போகும் பழைய காற்றின் சூட்டை உள்ளே வரும் புதுக் காற்றுக்கு மாற்றிவிடும் கருவி ஒன்று ஓடிக்கொண்டே இருக்குமாம். இரண்டு காற்றும் கலக்காது. ஆசைப்பட்டால் ஜன்னலையும் திறந்துகொள்ளலாம்.

ஊசிக் குளிரிலும் இப்படிப்பட்ட வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 10 வாட் போதும். இவர்கள் வீட்டுக்கு 1,400 வாட். நாம் பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கிறோமே, அந்த ஹீட்டர் ராடு அளவு!

பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் ரால்ஃப் டிஷ் 1994ல் கட்டிய 'ஹீலியோட்ரோப்' வீடு. சூரியகாந்தி மாதிரி சூரியன் பக்கம் சுழலும். வேடிக்கை பார்க்கச் சரி, கடன் வாங்கிக் கட்ட முடியாது.

விரிசல் விட்ட ஊர்

அடுத்தது, ஹீட்டர். புது மனைப் பகுதிகளில் 65 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் சூடேற்ற வேண்டும் என்று 2024ல் சட்டம் வந்தது. அதனால் பலரும் போவது ஹீட் பம்ப்புக்கு. ஃபிரிட்ஜைத் திருப்பி வைத்த மாதிரி வேலை செய்யும் யந்திரம். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் சராசரியாகச் சுமார் மூன்று யூனிட் சூடு தரும். சூட்டை வெளிக் காற்றிலிருந்து எடுக்கலாம். நூறு மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டுப் பூமியிலிருந்தும் எடுக்கலாம். கடுங்குளிரில் காற்று பம்ப்பின் திறன் குறையும். பூமிக்கு அந்தப் பிரச்னை இல்லை, ஆனால் செலவு அதிகம். மாப்பிள்ளைக்குப் பூமி மேல்தான் ஆசை.

மறுநாள் ஷ்டவ்ஃபன் என்ற அழகான சிற்றூருக்குப் போனோம். ஃப்ரைபர்க்குக்குத் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. 2007ல் இந்த ஊர் நகர மண்டபத்தைச் சூடேற்ற ஏழு துளைகள் போட்டார்கள். அதன் வழியே நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்கில் புகுந்தது. நீர் பட்டால் அது ஜிப்சமாக மாறி ஊதும். ஊரே மேலே எழும்ப ஆரம்பித்தது. 250க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல்!

எல்லா மண்ணிலும் இப்படி நடக்காது. முறையாக மண்ணைப் பரிசோதித்துப் போட்ட துளைகள் ஜெர்மனி முழுக்க ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆனாலும் விரிசல்களைப் பார்த்தபடி நடந்த மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மச்சான், சுவரைச் சுமாரா வெச்சு பம்ப்பைப் பெருசா போட்டா என்ன?" என்றார்.

என் தங்கை விடவில்லை. "அண்ணா, நீங்களே சொல்லுங்க. பம்ப்பை இருபது வருஷம் கழிச்சு மாத்திக்கலாம். சுவரை மாத்த முடியுமா?"

ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டோம். பாஸிவ் தரத்தில் கட்டினால் தேவை 2,100 யூனிட் சூடு. காற்று பம்ப் போட்டாலும் அதற்கு வருடத்துக்கு 700 யூனிட் மின்சாரம்தான் ஆகும். கடுங்குளிரில் கொஞ்சம் திறன் குறைந்தால் என்ன போச்சு? இவ்வளவு சின்னத் தேவைக்குப் பூமியைத் துளைப்பது வீண். அந்தப் பணத்தைச் சுவரிலும் ஜன்னலிலும் போடலாம். அரசு வங்கி தரும் வட்டி குறைந்த கடனுக்கும் முயற்சி செய்யலாம் என்று முடிவானது.

நம் ஊரில் ஐந்து நட்சத்திர ஏசியைத் தேடி வாங்குகிறோம். தலைக்கு மேல் மொட்டை மாடி அடுப்பாகக் கொதிக்கிறது. குளிரானாலும் வெயிலானாலும் முதலில் தடுப்பது சுவரும் கூரையும்தான். யந்திரம் அப்புறம் வரட்டும்.