கலரா, சீக்வென்ஸா?

காணும் பொங்கல் இரவு. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த மாமாவும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மருமகனும் கள்ளக்குறிச்சி வீட்டுத் திண்ணையில் மல்லுக்கு நின்றார்கள். மாமாவிடம் 7, 8, 9. மருமகனிடம் மூன்றும் இஸ்பேட்.

"போக்கர்ல கலர்தான் பெருசு மாமா."

"எங்க ஆட்டத்துல சீக்வென்ஸ்தான் மாப்ள மேல."

பந்தயம் வெறும் புளியங்கொட்டைதான். ஆனாலும் யாரும் இறங்கி வரவில்லை. இந்த வரிசையை வகுத்தது யார் என்று நான் தேடத் தொடங்கியது அப்போதுதான்.

அவர்கள் ஆடியது மூணு சீட்டு. பிளஷ் என்றும் சொல்வார்கள். ராணியைக் கண்டுபிடிக்கச் சொல்லிச் சந்தையில் ஏமாற்றுகிற மூணு சீட்டு வேறு. இதில் ஆளுக்கு மூன்று சீட்டுகள் கவிழ்ந்து விழும். மூன்றும் ஒரே எண்ணாக வந்தால் டிரெயில், அதுவே உச்சம். அடுத்து ஒரே ஜாதியில் வரிசையாக வரும் பியூர் சீக்வென்ஸ். பிறகு ஜாதி கலந்து வரும் சீக்வென்ஸ், வரிசையில்லாமல் ஒரே ஜாதியில் வரும் கலர், ஜோடி. எதுவும் சேராவிட்டால் பெரிய சீட்டு.

மாமா பக்கம் கணக்கு இருக்கிறது. 52 சீட்டில் மூன்று சீட்டுக் கைகள் மொத்தம் 22,100. அவற்றில் கலர் 1,096. சீக்வென்ஸ் 720 மட்டுமே. அரிதானது வெல்கிறது. ஐந்து சீட்டுப் போக்கரில் இது தலைகீழ்: சீக்வென்ஸ் 10,200, கலர் 5,108. மருமகன் சொன்னதும் அவனுடைய ஆட்டத்துக்குச் சரிதான்.

ஆனால் அதே கணக்கு ஓரிடத்தில் இடறுகிறது. பியூர் சீக்வென்ஸ் 48, டிரெயில் 52. அரிதானதே மேல் என்றால் பியூர் சீக்வென்ஸ்தான் தலையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. இந்த முரண் வேறெங்காவது உண்டா?

வழி காட்டியது ஒரு தீர்ப்பு. ரம்மிக்குத் திறமை வேண்டும் என்று 1967-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், போகிற போக்கில் மூணு சீட்டையும் தொட்டது: பிளஷ், பிராக் எனப் பல பெயர்களில் வழங்கும் அந்த ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டம்.

பிராக் இங்கிலாந்தின் ஆட்டம். எட்மண்ட் ஹாயில் 1751-இலேயே அதற்கென்று ஒரு சிறு நூல் எழுதினார். அன்றைய பிராக்கில் ஜோடியும் டிரெயிலும்தான் கணக்கு. சீக்வென்ஸும் கலரும் பின்னால் சேர்ந்தவை. இன்றைய மூன்று சீட்டு பிராக்கின் வரிசை அப்படியே மாமாவின் வரிசை. 52 மேலே, 48 கீழே என்ற அந்த முரண் உட்பட. சீட்டைப் பார்க்காமல் பிளைண்ட் ஆடுகிறவர் ஒன்று வைத்தால், பார்த்தவர் இரண்டு வைக்க வேண்டும் என்ற விதியும் இரண்டிலும் ஒன்றே. போக்கரின் மூதாதையரிலும் பிராக் உண்டு என்பதால், திண்ணையில் மோதிய இரண்டு ஆட்டங்களும் பங்காளிகள்.

பங்காளிக்குள் வேறுபாடும் உண்டு. பிராக்கில் மூன்று 3 வந்தால் மூன்று ஆஸையே வெல்லும். சீக்வென்ஸில் ஆஸ்-2-3 முதலிடம். நம்மிடம் மூன்று ஆஸ்தான் உச்சம். ஆஸ்-2-3 பெரும்பாலும் ஆஸ்-ராஜா-ராணிக்கு அடுத்தது, சில வீடுகளில் அதற்கும் மேல். எந்தக் கணக்கு என்பதைச் சீட்டைக் கலைக்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டால், சீட்டைத் திறந்து காட்டச் சொல்லி ஷோ கேட்ட பிறகு அடுத்த சண்டை வராது.