நட்சத்திரம் இல்லாத இரவு

அளவெட்டியில் பிறந்தவனுக்கு மலை என்பது பெயரளவில்தான் பழக்கம். அயலில் உள்ள கீரிமலையில் கேணி உண்டு, கோயில் உண்டு, கடல் உண்டு. ஏறுவதற்கு ஒரு மலை இல்லை. பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் தோட்டத்துப் பயிரில் படியும் ஈரம். பனிச்சரிவோ, பத்திரிகையில் இருந்த காலத்தில் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் நான்கு வரி. 2016 பெப்ரவரியில் சியாச்சினில் மதராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தனர். அன்றுதான் அத்தகைய செய்தி ஒன்றை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். ஆறு நாட்களின் பின் உயிருடன் மீட்கப்பட்ட அனுமந்தப்பாவும் டில்லி மருத்துவமனையில் இறந்துபோனார்.

அதற்குச் சில ஆண்டுகளின் பின், ஒரு சித்திரை மாதம் சுவிற்சர்லாந்தில் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். மருமகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். சனிக்கிழமை விடியற்காலை நண்பன் ஒருவனுடன் மலையேறிப் பனியில் சறுக்கி இறங்குவது அவன் திட்டம். டாவோஸில் உள்ள ஆய்வு நிலையம் வெளியிடும் பனிச்சரிவு அறிவித்தலை மாலை ஐந்து மணிக்கே கைப்பேசியில் படித்துவிட்டான். ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். மக்கள் அதிகம் சாவது ஐந்தில் அல்ல, மூன்றில் என்றான். ஐந்தில் யாரும் வெளிக்கிடுவதில்லையாம். போர்க்காலத்தில் ‘பாதை எப்படியாம்?’ என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டே சைக்கிளை எடுத்த எனக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது.

புதையுண்டவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட கோல், சிறு மண்வெட்டி ஆகிய மூன்றும் பையில் இருந்தன. முதற் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது. ஆதலால் மீட்புப்படை அல்ல, கூடப் போனவனே காப்பாற்ற வேண்டும். தங்கை சாப்பாட்டுப் பெட்டியை வைப்பதுபோல மண்வெட்டியையும் சரிபார்த்து வைத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு விழித்தேன். யன்னலைத் திறந்தால் இதமான காற்று. வானம் முழுவதும் முகில். சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவனிடம், “தம்பி, இண்டைக்குக் குளிர் இல்லை, நல்ல காலநிலை” என்றேன்.

“அதுதான் மாமா பிழை” என்றான்.

வசந்தகாலத்துப் பனி பகலில் உருகி இரவில் உறைவது. வானம் தெளிந்திருந்தால் நிலத்தின் வெப்பம் மேலே போய்விடும். மேற்பனி ஓடுபோல் இறுகும். காலையில் அதன்மேல் அச்சமின்றி நடக்கலாம். வெயில் ஏறும்போது உருகிய நீர் உள்ளே கசிந்து அடுக்குகளின் பிடியைத் தளர்த்தும். ஆகவே இருட்டில் ஏறி, நண்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். முகில் மூடிய இரவிலோ பனி இறுகுவதே இல்லை. விடியும்போதே நேற்றைய பிற்பகலின் நிலைமைதான். நடுக்குளிர்காலத்தில் சிக்குவோரிற் பெரும்பாலோர் தாமோ தம் கூட்டத்தாரோ மிதித்துக் கிளப்பிய சரிவிலேயே அகப்படுகிறார்கள். இந்த ஈரப்பனிக்கு மனிதக் கால் தேவையில்லை, தானாகவே வரும்.

இருந்தும் போனார்கள். அடிவாரத்தில் இறங்கி நடந்து பார்த்ததில் கால் முழங்கால்வரை புதைந்ததாம். முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வு இன்னும் தொலைவில் இருந்தது. நண்பன் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவன், கோபித்துக்கொண்டான். ஏழரை மணிக்கு மருமகன் வீட்டுக்கு வந்து, இடியப்பமும் சொதியும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டான்.

அன்று அந்த மலையில் எதுவும் சரிந்ததாக யாரும் சொல்லவில்லை. பத்திரிகைக்காரன் புத்தி எனக்கு. பிற்பகல் முழுவதும் வானொலிச் செய்தியை எதிர்பார்த்திருந்தேன். ஏதாவது விழுந்திருந்தால் நல்லதென்று நினைத்தேனோ என்று பிறகு வெட்கமாக இருந்தது. நண்பனும் அவனும் ஒரு மாதம் பேசவில்லையாம்.

கடந்த சித்திரையில் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். நாளை விடிய மலைக்குப் போகிறானாம். முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, அங்கே வானம் எப்படி என்று கேட்டேன்.

“நட்சத்திரம் தெரியுது மாமா. அங்கை?”

இங்கே முகில். புழுக்கம் தாங்க முடியவில்லை என்றேன்.